மாதாப்பூருக்கு வந்த ஊற்றுக்கல்

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முதலில் செய்கிற காரியம், கீழே வரவேற்பறையில் ஓடுகிற ஊற்றுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது. ஹைதராபாத் மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உள்ளே நுழைந்ததும் காட்டுக்கல்லும், அதன்மேல் வழியும் தண்ணீரும், மறைத்து வைத்த ஸ்பீக்கரிலிருந்து பறவைச் சத்தமும் உள்ள கட்டடம் எங்களுடையது ஒன்றுதான். பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. மலைமக்களின் பண்பாட்டுக்கு எங்கள் கம்பெனி செலுத்தும் மரியாதை என்று அதில் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் பொறித்திருக்கிறார்கள். தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் நான் லிஃப்டுக்குப் போகவேண்டும். செருப்பைப் பார்த்துக்கொண்டே போவேன். அந்தக் கல் அங்கே வந்தது நான் எழுதிய ஒரு படிவத்தால்.

எங்களுடையது சுரங்கக் கம்பெனி. மலைகளில் தோண்டுகிறோம், மாதாப்பூரில் உட்கார்ந்திருக்கிறோம். தோண்டுகிற இடத்தில் வாழும் ஆதிவாசிகளுக்கு வருமானத்தில் ஒரு பங்கு போய்ச் சேரவேண்டும் என்று ஒப்பந்தம். அதற்கு எங்கள் அலுவலகத்தில் 'பயன் பகிர்வு' என்று பெயர். கேட்டால் என்னமோ கல்யாண வீட்டில் பந்தி போடுகிற மாதிரி இருக்கும். அந்தப் பிரிவில்தான் எனக்கு வேலை. ஊர் ஊராகப் போய் என்ன வேண்டும் என்று கேட்டு, படிவத்தில் எழுதி, மேலே அனுப்பவேண்டும். இந்த வேலைக்கு என்னை எடுத்ததற்கே காரணம் என் தெலுங்கு நன்றாக இருக்கும் என்பதுதான். நான் ஏ.எஸ்.ராவ் நகரில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு, காய்கறிக்காரரிடம் தக்கனி உருது: ஆமாம் என்றால் ஹவ், வேண்டாம் என்றால் நக்கோ.

அந்த வளர்ப்பைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். இந்தக் கதையில் நடந்த தப்பு அங்கிருந்து வந்தது. அப்பா பக்கத்திலிருந்த பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கணவர் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் இருக்கிறார். எங்களைச் சுற்றியிருந்த தமிழ்க் குடும்பங்கள் முக்கால்வாசியும் இப்படித்தான். அரசாங்கப் பணத்தை அதன் தலைப்பைப் பார்த்துத்தான் தொடமுடியும் என்பது எங்களுக்குப் பால்குடி காலத்திலேயே தெரியும். கல்விக்கு என்று வந்தது கல்விக்கு, சாலைக்கு என்று வந்தது சாலைக்கு. நமக்கு வேண்டியது ஒன்றாகவும் பணம் இருக்கிற தலைப்பு வேறாகவும் இருந்தால், வேண்டியதற்கு வேறு பெயர் வைத்துவிடுவோம். எங்கள் காலனிக் கோயிலுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டத் தலைப்பு கிடையாது. தீயணைப்பு ஏற்பாடு என்று எழுதிக் கட்டினார்கள். இன்றுவரை அங்கே தீயும் பிடிக்கவில்லை, புளியோதரைப் பாத்திரம் கழுவாத நாளும் இல்லை. அதை எழுதி வாங்கிக்கொண்டு வந்தவரை எல்லோரும் கெட்டிக்காரர் என்று கொண்டாடினார்கள். மார்ச் மாதம் வந்துவிட்டால், செலவாகாமல் திரும்பப் போகிற பணத்தை எப்படி வளைப்பது என்பதே சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. நான் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். எனக்கும் அந்தக் கெட்டிக்காரத்தனம் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மலையூருக்கு ஹைதராபாத்திலிருந்து ஒரு முழுநாள் பயணம். பதினெட்டு வீடுகள். எங்கள் சுரங்கம் ஊருக்கு மேலே, மலையின் தோளில். நான் முதல்முறை போனபோது ஊருக்கு நடுவே ஒரு மரத்தடியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பேசுவதற்கு ஒரு பெண் முன்னால் வந்தாள். என் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டியவள். இளவயதில் சமவெளிக்கு மிளகாய் பறிக்கப் போனபோது தெலுங்கு கற்றுக்கொண்டாளாம். ஊரில் மற்றவர்களுக்கு அவர்கள் மொழிதான் சரளம். எங்களுக்குள் நடந்ததெல்லாம் தெலுங்கில்தான், நான் என் தமிழில் எழுதுகிறேன். அவர்கள் பேச்சில் 'நீங்கள்' கிடையாது. கலெக்டர் வந்தாலும் நீதான்.

அவள் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். கலங்கலாக இருந்தது. என் பையில் மூடி திறக்காத பாட்டில் இருந்தது. மரியாதைக்கு ஒரு வாய் உதட்டில் வைத்துவிட்டு, தம்ளரைப் பக்கத்தில் வைத்தேன். பிறகு என் பேச்சை ஆரம்பித்தேன். சூரிய விளக்கு, தையல் மெஷின், பள்ளிக்கூடப் பை என்று கையிலிருந்த பட்டியலைப் படித்துக்கொண்டே போகிறேன், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் அந்தத் தம்ளரின்மேல் இருந்தது. என்னை அழைத்துப் போயிருந்த டிரைவர், மேடம், முதலில் அதைக் குடியுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். அந்த ஊர் வழக்கம் அது. யார் வந்தாலும், ஆகாதவனே வந்தாலும், முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். வந்தவர் குடித்து முடிக்கும்வரை யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். குடிக்காதவரிடம் பேச்சே இல்லை. எனக்கு முகம் சிவந்துவிட்டது. எடுத்து மடமடவென்று குடித்தேன். மண்வாசனை. அடியில் தங்கிய மணலையும் சேர்த்து விழுங்கினேன். அதன் பிறகுதான் பேச்சு தொடங்கியது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சநேரத்தில் தெரிந்தது. கீழே பள்ளத்தாக்கில் இருக்கிற ஓடையிலிருந்து இரண்டு பெண்கள் குடத்தோடு ஏறி வந்தார்கள். ஏறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல். அப்படிச் சுமந்து வந்த குடத்திலிருந்து எடுத்த தம்ளரைத்தான் நான் ஒதுக்கி வைத்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

அவள் என் பட்டியலை ஒதுக்கிவிட்டு என்னை ஊருக்குப் பின்னால் கூட்டிப்போனாள். பாறைகளுக்கு நடுவில் ஒரு பெரிய தட்டைக்கல். அதில் வரிசையாகக் குழிகள். அங்கே ஊற்று இருந்ததாம். எந்தக் கோடையிலும் வற்றாது. தலைமுறை தலைமுறையாகக் குடத்தை வைத்து வைத்து அந்தக் கல்லில் குழி விழுந்திருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு குழி. மருமகள் வந்தால் மாமியாரின் குழியில் குடம் வைப்பாள். அடுத்தவர் குழியில் யாரும் வைக்கமாட்டார்கள். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற இரண்டு வீட்டார்கூட அங்கே பக்கத்துப் பக்கத்துக் குழியில் குடத்தை வைத்துக்கொண்டுதான் நிற்கவேண்டும் என்று அவள் சிரித்தாள். இடது ஓரக் குழியைக் காட்டி, அது தன்னுடையது என்றாள். அதில் சருகு கிடந்தது. மேலே எங்கள் சுரங்கம் மலையை வெட்டிய இரண்டாம் வருடம் ஊற்று நின்றுவிட்டதாம்.

"எங்களுக்குப் பங்கு கிங்கு ஒண்ணும் வேண்டாம். தண்ணி ஓடிட்டிருந்துச்சு, நிறுத்திட்டீங்க. ஓட வை. அவ்வளவுதான்."

நான் என் நோட்டில் தெலுங்கில் எழுதிக்கொண்டேன். எங்கே எழுதினாய், காட்டு என்றாள். காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எந்த எழுத்து தண்ணீர் என்று கேட்டாள். தொட்டுக் காட்டினேன். அந்த வார்த்தையின்மேல் தன் விரலைக் கொஞ்சநேரம் வைத்திருந்தாள். வியர்த்த விரல், மை லேசாகக் கலங்கிவிட்டது. தண்ணீர் இல்லாத ஊர் ஊரே இல்லை என்றாள். விருந்தாளிக்கு ஒரு தம்ளர் கொடுக்க முடியாமல் போகிற நாளில் நாங்கள் இதை விட்டு இறங்கிப் போகவேண்டியதுதான் என்றும் சொன்னாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, வந்துவிடும் என்றேன். வாய்க்கு என்ன, வந்துவிடும் என்று சொல்லிவிட்டது.

ஹைதராபாத் வந்து படிவத்தைத் திறந்தால், குடிநீர் என்ற தலைப்பில் எழுதுகிற எதுவும் எங்கள் கையில் நிற்காது. அரசாங்கத் தண்ணீர் இலாகாவுக்குப் போகவேண்டும். அவர்கள் ஆய்வு செய்யவேண்டும், பிறகு வனத்துறை பார்க்கவேண்டும். அந்த வழியில் போன மூன்று ஊர்களின் கோப்பு என் கண்ணெதிரிலேயே பழையதாகியிருந்தது. பண்பாடு என்று இன்னொரு தலைப்பு இருந்தது. அதற்கு எங்கள் மேலதிகாரியின் கையெழுத்து போதும். அதில் பணமும் தொடாமல் கிடந்தது. மார்ச் முடிந்தால் போய்விடும்.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே வழி சொன்னார்.

"தண்ணின்னு ஒரு வார்த்தை வந்தாலே ஃபைல் வெளிய போயிடும். நீ கல்ச்சர்ல தள்ளு. சாங்ஷன் ஆயிட்டா அப்புறம் நீ அங்க பைப்பு போட்டா என்ன, போர் போட்டா என்ன, யாரு வந்து பாக்கப்போறா?"

நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்மேல் பழி போட எனக்கு உரிமை இல்லை. மறுநாள் உட்கார்ந்து எழுதினேன். மலைமக்கள் வழிபடும் ஊற்று, அவர்களுடைய அடையாளம், குடம் வைத்த குழிகள் கொண்ட அரிய கல், அதற்குப் புத்துயிர் ஊட்டவேண்டும் என்றெல்லாம் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினேன். முதல் பிரதியில் தண்ணீர் என்ற சொல் மூன்று இடத்தில் வந்திருந்தது. மேலே யாராவது அதைப் பார்த்துவிட்டு, இது குடிநீர்த் தலைப்பு என்று திருப்பி அனுப்பிவிடப் போகிறார்களே என்று பயம். மூன்றையும் நானே அடித்தேன். அடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். ரொம்ப அழகாக இருந்தது. சுத்தமாக, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது.

ஒரே வாரத்தில் அனுமதி வந்துவிட்டது. மேலதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார். இந்த மாதிரி மனத்தைத் தொடுகிற குறிப்பை இந்தப் பிரிவில் யாரும் எழுதியதில்லை என்றார். நான் எங்கள் தெரு ஸ்வீட் கடையில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்தேன். இப்போது நினைத்தால் அந்த மைசூர்பாகு தொண்டையில் நிற்கிறது.

வேலை ஒரு வடிவமைப்பு ஒப்பந்தக்காரருக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊற்றுக்கல்லையும் சுற்றியுள்ள கற்களையும் எடுக்க அனுமதி வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று. குழாய் பதிக்கக் கல்லை நகர்த்தத்தானே வேண்டும் என்று நினைத்தேன். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? கேட்கவில்லை, போட்டேன். போட்டது மட்டுமில்லை. அந்த ஊர் சுகாதாரப் பணியாளரின் போனில், எனக்குத் தம்ளர் கொடுத்த அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, வேலை ஆரம்பமாகிறது, லாரி வரும், கூடமாட ஒத்தாசை செய்யுங்கள் என்றும் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரே திரண்டு அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி, கோழி அறுத்து, தாங்களே தோள்கொடுத்து லாரியில் ஏற்றினார்களாம். லாரிக்காரர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான்.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. வரவேற்பறையில் தார்ப்பாய் கட்டி உள்ளே கொத்தனார்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஏதோ அலங்காரம் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். தட்டைக்கல். வரிசையாகக் குழிகள். இடது ஓரக் குழியில் மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி, தபியத் சரியில்லையா அம்மா என்று நாற்காலி எடுத்துப் போட்டார்.

மேலே ஓடினேன். இது அந்த ஊருக்குத் தண்ணீர் கொடுப்பதற்காகக் கேட்ட பணம் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. பண்பாடு என்றால் நாலு பேர் பார்க்கவேண்டும், மலை உச்சியில் வைத்தால் யார் பார்ப்பார்கள், இங்கே வெளிநாட்டுக்காரர்களெல்லாம் வருகிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு என் குறிப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து என் பக்கம் திருப்பினார். இதில் தண்ணீர் என்று எங்கே இருக்கிறது, ஒரு இடத்தில் காட்டுங்கள் மேடம் என்றார். உண்மையாகவே கேட்டார். நான் மேலிருந்து கீழ்வரை படித்தேன். நான் அடித்தது எவ்வளவு சுத்தமாக அடித்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. ஊற்றுக்குப் புத்துயிர் என்றுதானே கேட்டீர்கள், கொடுத்துவிட்டோமே என்றார்.

அன்று வீட்டில் கணவரைப் பிடித்துக்கொண்டேன். யாரு வந்து பாக்கப்போறான்னீங்களே, இப்ப எல்லாரும் வந்துதான் பாக்கப்போறாங்க என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார். தயிர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. எங்கள் காலனித் தொட்டி ஏன் சரியாக வந்தது, இது ஏன் இப்படிப் போயிற்று என்று பிறகு நிறைய யோசித்தேன். அங்கே எழுதியவரும் காலனிக்காரர், கட்டிய எஞ்சினியரும் காலனிக்காரர், அந்தத் தண்ணீரைப் புழங்கப்போகிறவர்களும் அவர்களே. பொய்ப் பெயருக்குள் இருந்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். இந்தப் படிவத்துக்குள் தண்ணீர் இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லவேண்டிய இடத்தில் நான் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

திறப்பு விழாவுக்கு அந்த ஊர்க்காரர்களையே ஆட அழைத்து வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள், கூடவே சில ஆண்கள். இங்கே வந்ததும் எல்லாப் பெண்களுக்கும் ஒரே பச்சை நிறத்தில் சேலை கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். அவர்கள் சேலை போட்டோவில் எடுபடாதாம். அவளும் வந்திருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என்னைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லைக் கொண்டுபோய் மாதக்கணக்காகிறது, எப்போது திரும்ப வரும் என்று கேட்டாள். குழாய்க்காரர்கள் யாரும் வரவில்லை என்றும் சொன்னாள். நான் பதில் சொல்லாமல் உள்ளே கூட்டிப்போனேன். சொல்லத் தைரியம் இல்லை, கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். இதைவிடக் கேவலமாக ஒருத்தி நடந்துகொள்ள முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் கல்லைப் பார்த்தாள். அதன்மேல் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நேராகத் தன் குழியிடம் போய்க் குனிந்து, இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளினாள். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் செக்யூரிட்டி ஓடிவந்தார்.

"நக்கோ அம்மா, நக்கோ! குடிக்காதே. உள்ள மருந்து போட்டிருக்கு."

அவர் பாதி தக்கனியிலும் பாதி தெலுங்கிலும் சொன்னதை அவள் புரிந்துகொண்டாள். கையிலிருந்த தண்ணீரைக் கீழே விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். டேங்கர் லாரியில் என்றேன். கீழே விழுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டாள். மோட்டார் அதையே திரும்ப மேலே ஏற்றும், அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும் என்றேன். யாருமே குடிக்க மாட்டார்களா என்றாள். மாட்டார்கள் என்றேன். அவள் கையைத் திறந்துவிட்டாள்.

பிறகு ஆடினார்கள். ஆடத்தானே அழைத்து வந்தது. அவளும் வரிசையில் நின்று ஆடினாள். மேலதிகாரி பேசினார், கைதட்டினோம். எல்லாம் முடிந்து சாப்பாட்டுக்குப் போகும்போது அவள் என் மேஜைக்கு வந்தாள். அன்று எழுதினாயே, அதைக் காட்டு என்றாள்.

என் கம்ப்யூட்டரில் படிவம் இருந்தது. மேஜை டிராயரில் பழைய நோட்டும் இருந்தது. நான் நோட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, மை கலங்கிய வார்த்தையைக் காட்டினேன். அவள் பழையபடி அதன்மேல் விரலை வைத்தாள். படிவத்தைப் பற்றி நான் அப்போது சொல்லியிருக்கவேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. இன்னும் நான்கு வருட வேலை இருந்தது, மேலே அறையில் மேலதிகாரி இருந்தார், எல்லாவற்றுக்கும் மேலாக அவள் என்னை நம்பிக்கொண்டு நின்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"நீ சரியாத்தான் எழுதியிருக்க" என்றாள். "இவங்களுக்குத்தான் படிக்கத் தெரியல. திரும்ப எழுது. இந்தத் தடவை பெருசா எழுது."

சரி என்று தலையாட்டினேன்.

அன்று மாலை அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் இன்னொன்றும் நடந்தது. விழாவில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தோம். எங்கள் ஆட்கள் வழக்கம்போல ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பெண்கள் நாற்காலி நாற்காலியாகப் போய் அந்தப் பாட்டில்களை எடுத்து, மிச்சத்தை ஒன்றில் ஊற்றி நிரப்பி, மூடியை இறுக்கிப் பைகளில் அடுக்கினார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. என்னோடு வேலை செய்கிற ஒருவர், எச்சில் தண்ணீரைப் போய் எடுக்கிறார்களே என்று சிரித்தார். நானும் போய்ப் பொறுக்கிக் கொடுத்தேன். மேடை மேஜையில் மேலதிகாரி திறக்காமலே வைத்திருந்த பாட்டிலையும் எடுத்து அவள் பையில் போட்டேன்.

திரும்ப எழுதினேன். அதில் மட்டும் பொய் சொல்லவில்லை. குடிநீர்த் தலைப்பில், முதல் வரியிலேயே தண்ணீர் என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. இந்த ஊரின் ஊற்று பற்றிய கோரிக்கை ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டுவிட்டது, ஒரே கோரிக்கைக்கு இரண்டுமுறை பயன் பகிர முடியாது என்று குறிப்பு. ஆதாரமாக எங்கள் வரவேற்பறைப் போட்டோவையே இணைத்திருந்தார்கள். வேறு விதமாக எழுதினேன். அதுவும் வந்தது. மூன்றாவது முறை நேரில் போய் மேலதிகாரியிடம் கெஞ்சினேன். அந்தத் தலைப்பை நான்தான் மாற்றிப் போட்டேன் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். அப்படி எழுதித் தந்தால் விசாரணை வரும், உங்களுக்குத்தான் கஷ்டம், நல்ல பெயரோடு ரிட்டையர் ஆகுங்கள் மேடம் என்றார். நான் எழுதித் தரவில்லை. அந்த வருட விழாவில் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வீட்டு அலமாரியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். விருந்தாளி யாராவது வந்தால் அதைத் திருப்பிப் பார்த்து வாழ்த்துவார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை அவள் சுகாதாரப் பணியாளரின் போனிலிருந்து கூப்பிடுவாள். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. எழுதிவிட்டாயா என்பாள். எழுதிவிட்டேன் என்பேன். பெரிதாகவா என்பாள். பெரிதாகத்தான் என்பேன். அப்படியானால் வரும் என்று சொல்லி வைத்துவிடுவாள். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடாது.

இந்தக் கோடையில் கூப்பிட்டபோது அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கீழே ஓடையும் சுரங்க மண் இறங்கிச் சிவப்பாகிவிட்டது, மாடுகூட வாய் வைக்கவில்லை என்றாள். ஆறு வீட்டுக்காரர்கள் கீழே சாலையோரம் போய்க் குடிசை போட்டுவிட்டார்களாம். நான் பதறிப்போய், லீவு போட்டுவிட்டு நேரில் வருகிறேன், வந்து பேசுவோம் என்றேன். எதைப் பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"வர்றதா இருந்தா வா" என்றாள். "வரும்போது உனக்குத் தண்ணி நீயே கொண்டு வந்துடு."

போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை. நானும் போகவில்லை.